தவணை இறுதி நாட்கள் வெற்று நாட்களாகக் கூடாது

தவணைப் பரீட்சையின் கடைசி விடைத்தாளும் கையளிக்கப்பட்டதும் நமது பாடசாலைகளில் ஒருவகை ஓய்வுநிலை வந்து சேர்ந்து விடுகின்றது. ஆசிரியர்கள் விடைத்தாள்களைத் திருத்துவதிலும், புள்ளிப் பதிவேடுகளையும் முன்னேற்ற அறிக்கைகளையும் நிரப்புவதிலும் மூழ்கி விடுகின்றனர். மாணவர்களோ செய்வதற்கு எதுவுமின்றி வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். இரண்டொரு நாட்களில் வரவு கணிசமாகக் குறைந்து விடுகின்றது. பாடம் நடைபெறாத பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பி என்ன பயன் என்று பெற்றோரும் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக் கொள்கின்றனர். தவணை முடிவடைவதாக நாட்காட்டி கூறும் திகதிக்குச் சில நாட்கள் முன்னதாகவே தவணை உண்மையில் முடிந்து விடுகின்றது.

ஒரு தவணையில் இவ்வாறு கழிகின்ற நாட்கள் சிலவே என்று இதனைத் தட்டிக் கழித்து விடலாம். ஆனால் ஆண்டுக்கு மூன்று தவணைகள் உள்ளன. பதின்மூன்று ஆண்டுகள் பாடசாலையில் பயிலும் ஒரு பிள்ளை ஏறத்தாழ நாற்பது தவணை இறுதிகளைக் கடந்து செல்கின்றது. ஒவ்வொன்றிலும் நான்கு நாட்கள் வீணாகின்றன என்று கொண்டாலும், மொத்தத்தில் நூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட பாடசாலை நாட்கள் எவ்விதப் பயனுமின்றிக் கழிந்து விடுகின்றன. இது ஏறக்குறைய ஒரு முழுக் கல்வியாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலமாகும் என்பதை நாம் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

இந்நாட்களில் மேலும் பாடங்களைத் திணிக்க வேண்டும் என்பது நமது கருத்தல்ல. பரீட்சையால் களைப்படைந்துள்ள பிள்ளைகளுக்கு மீண்டும் கரும்பலகையைக் காட்டுவதால் எவரும் நன்மையடையப் போவதில்லை. பரீட்சைக்கும் விடுமுறைக்கும் இடைப்பட்ட இந்தச் சில நாட்களே பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் காணவும் கையால் தொட்டறியவும் செய்வதற்குப் பொருத்தமானவை. பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டுமென்ற நெருக்குதல் அப்போது இருப்பதில்லை. புள்ளி பெறும் அச்சமும் நீங்கியிருக்கும். ஆண்டு முழுவதும் கிடைக்காத இந்த அவகாசம் ஒவ்வொரு தவணையின் இறுதியிலும் தானாகவே நம் கைக்கு வந்து சேர்கின்றது.

வெளிக்களக் கல்வி நமது நாட்டுக்குப் புதியதொன்றல்ல. பேடன் பவல் பிரபு 1907 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய பாசறையிலிருந்து தோற்றம் பெற்ற சாரணர் இயக்கம், ஐந்தாண்டுகளுக்குள், அதாவது 1912 இல், மாத்தளையில் கால்பதித்து விட்டது. பெண் சாரணியம் 1917 இல் கண்டியில் ஆரம்பமாகியது. மர நிழல்களைத் தமது சாந்திநிகேதனின் வகுப்பறைகளாக்கிய மகாகவி தாகூர், 1934 இல் இலங்கைக்கு வந்திருந்தபோது ஹொரணையில் ஸ்ரீபாலி கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். எனவே திறந்த வெளியும் கல்விக் கூடமே என்ற எண்ணம் இந்நாட்டில் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றைக் கொண்டதாகும். பிற்காலத்தில் பரீட்சைப் பெறுபேறே பாடசாலையின் ஒரேயொரு அளவுகோலாக மாறியதால் அந்த எண்ணம் ஓரங்கட்டப்பட்டது.

இன்று வெளிக்களச் செயற்பாடு என்றதும் பெரும்பாலான பாடசாலைகளின் நினைவுக்கு வருவது ஆண்டுக்கொரு முறை மேற்கொள்ளப்படும் கல்விச் சுற்றுலாவேயாகும். வாடகைக்கு அமர்த்திய பஸ் வண்டியில் நள்ளிரவில் புறப்பட்டு, ஒரே நாளில் ஐந்தாறு இடங்களைத் தொட்டு விட்டு, மறுநாள் அதிகாலையில் சாரதியும் பிள்ளைகளும் தூக்கக் கலக்கத்துடன் திரும்பி வருகின்றனர். பேராதனைப் பூங்காவில் அரை மணித்தியாலம், தலதா மாளிகை வாசலில் ஒரு புகைப்படம், வழியில் கடைத்தெருவில் இரண்டு மணித்தியாலம் என்று அமையும் பயணங்களும் உண்டு. பிள்ளைகள் அதில் மகிழ்ச்சி காண்கின்றனர் என்பதை நாம் மறுக்கவில்லை. நண்பர்களுடன் கூடிக் களிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் அதற்குக் கல்வி என்ற பெயர் எந்தளவுக்குப் பொருந்தும் என்பது கேள்விக்குறியே.

இதிலுள்ள பெரிய அநீதி வேறொன்றாகும். சுற்றுலாவுக்கான கட்டணத்தைச் செலுத்த முடியாத பிள்ளை என்ன செய்கின்றது? அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்தின் பிள்ளை வீட்டில் பணம் கேட்பதற்குத் தயங்கி, தனக்குப் பயணத்தில் விருப்பமில்லை என்றோ காய்ச்சல் என்றோ கூறி ஒதுங்கிக் கொள்கின்றது. மறுவாரம் வகுப்பில் எல்லோரும் பயணக் கதைகளைப் பேசிக் கொண்டிருக்கும்போது அப்பிள்ளை மௌனமாக அமர்ந்திருக்கின்றது. இலவசக் கல்வியை நாட்டுக்கு வழங்கிய 1945 ஆம் ஆண்டின் ஏற்பாட்டையும், கன்னங்கரா அவர்களின் கனவையும் மேடைகளில் போற்றும் நாம், பணத்தின் பெயரால் ஒரு வகுப்பு இரண்டாகப் பிரிவதைக் கண்டும் காணாதிருப்பது நியாயமாகாது.

ஆகவே தவணை இறுதிச் செயற்பாடுகள் முதலில் பாடசாலைக்கு அண்மையில், நடந்தோ குறுகிய பயணத்திலோ சென்று அன்றே திரும்பக் கூடிய இடங்களில் அமைய வேண்டும் என்பதே நமது நிலைப்பாடாகும். அருகில் பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்கலாம். நாம் வாழும் பிரதேசங்கள் ஒவ்வொன்றும் ஒரு திறந்த பாடநூல் என்பதை மறந்து விட்டமையே இக்கேள்விக்குக் காரணமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக் கொள்வோம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் அங்கில்லை. சுண்ணாம்புக் கற்பாறைகளினூடே கீழிறங்கும் மழைநீர் நிலத்தடியில் தேங்குகின்றது. உவர்நீரை விட அடர்த்தி குறைந்த அந்நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்க, கிணறுகள் வாயிலாக அதனையே மக்கள் பெற்று வாழ்கின்றனர். அளவுக்கு மேல் இறைத்தால் உவர்நீர் மேலெழும். உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் சேர்ந்தால் நீரில் நைத்திரேற்று மிகும். இதனை ஒரு மாணவன் புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதுவதற்கும், பாடசாலைக் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தை ஏப்ரலில் ஒருமுறையும் டிசெம்பரில் ஒருமுறையும் தானே அளந்து ஒப்பிடுவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. கீரிமலைக் கேணியும் புத்தூர் நிலாவரைக் கிணறும் அந்தப் பாடத்தின் அடுத்த அத்தியாயங்களாக அமையும்.

மன்னாரில் கட்டுக்கரைக் குளமும் வங்காலைப் பறவைகள் சரணாலயமும் உள்ளன. வங்காலை 2010 ஆம் ஆண்டில் ராம்சார் சாசனத்தின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. வட துருவத்தை அண்டிய நாடுகளிலிருந்தும் குளிர்காலத்தைக் கழிக்கப் பறவைகள் அங்கு வருகின்றன. மட்டக்களப்பு மாணவர்களுக்கு வாவியும் அதன் கண்டல் தாவரங்களும் முகத்துவாரமும் உள்ளன. திருகோணமலையில் கன்னியா வெந்நீர் ஊற்றுகள் ஏழிலும் வெப்பமானியை இட்டு வெப்பநிலையைக் குறித்து வரலாம். புத்தளத்தில் உப்பளங்களுக்குச் செல்லும் மாணவர்கள், ஆவியாதலும் பளிங்காதலும் ஒரு கைத்தொழிலாக நடைபெறுவதைக் கண்கூடாகக் காண்பர். காங்கிரீட் கட்டடங்களுக்கிடையே வளரும் கொழும்புப் பிள்ளைகளுக்கும் வழி அடைபட்டு விடவில்லை. 2018 இல் ஈரநில நகரங்களாக முதன்முறை அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாகும். பத்தரமுல்லையை அண்டிய சதுப்பு நிலங்கள் நகரின் வெள்ளநீரை எவ்வாறு ஏற்றுக் கொள்கின்றன என்பதை அங்கு சென்றே அறியலாம்.

எங்கும் செல்ல முடியாத பாடசாலைக்கும் ஒரு கூரையாவது இருக்கும். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லீற்றர் நீராகும். 200 சதுர மீற்றர் கூரையின் மீது 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 லீற்றர் நீர் வழிந்தோடுகின்றது. அடி தட்டையான ஒரு போத்தலை மேற்பக்கம் வெட்டி மழைமானியாக்கி, அளவு நாடாவால் கூரையை அளந்து, இந்தக் கணக்கை மாணவர்களே செய்து பார்க்கட்டும். கணிதமும் விஞ்ஞானமும் புவியியலும் ஒரே முற்றத்தில் சந்திக்கின்றன. இதற்குச் செலவு ஏதுமில்லை.

செயற்பாடுகளைத் திட்டமிடும்போது தவணையுடன் பருவத்தையும் பொருத்திப் பார்க்க வேண்டும். வழமையாக ஏப்ரலில் முதலாம் தவணை முடியும்போது வடக்கு, கிழக்கில் கடும் வெப்பம் நிலவும். அக்காலத்தில் காலை ஒன்பது மணிக்கு முன் முடிவடையும் செயற்பாடுகளே உகந்தவை. கிணற்று நீர்மட்டத்தை அளப்பதற்கும் அது ஏற்ற காலமாகும். ஆகஸ்டில் இரண்டாம் தவணை முடிவடையும்போது பனம்பழம் விழும் காலம். பழத்தைப் பிசைந்து பனாட்டுப் போடுவதை மூத்தவர்களிடம் கற்ற பின்னர், எஞ்சும் விதைகளைப் பாடசாலைத் தோட்டத்தில் பாத்தியிடலாம். மூன்று, நான்கு மாதங்களின் பின்னர், மூன்றாம் தவணை முடிவடைவதை அண்டி, மாணவர்கள் தாம் இட்ட பாத்தியிலிருந்தே கிழங்கு கிண்டி அவித்து உண்ணலாம். விதை முளைத்தல் பற்றிய பாடத்தை இதைவிடச் சிறப்பாக எந்த ஆய்வுகூடமும் கற்பித்து விட முடியாது. டிசெம்பரில் மழையும் வெள்ளமும் இருக்குமாயினும், வலசைப் பறவைகளைக் காண்பதற்கு அதுவே பொருத்தமான காலமாகும்.

இவையெல்லாம் பொழுதுபோக்கு என்று எண்ணுவோருக்கு நாம் ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றோம். தன்னைச் சூழவுள்ள நிலத்தையும் நீரையும் வாசிக்கத் தெரிந்திருப்பது நமது நாட்டில் உயிர் காக்கும் அறிவாகும். 2004 டிசெம்பர் 26 இல் தாய்லாந்தின் புக்கெட் தீவில் பெற்றோருடன் விடுமுறையைக் கழித்துக் கொண்டிருந்த பத்து வயது பிரித்தானியச் சிறுமியான டில்லி ஸ்மித், கடல் வழமைக்கு மாறாக நுரைத்துப் பொங்கியதைக் கண்டு, இரு வாரங்களுக்கு முன்னர் புவியியல் பாடத்தில் கற்ற சுனாமியின் அறிகுறிகளை நினைவுகூர்ந்தார். அவரது எச்சரிக்கையால் அக்கடற்கரையில் இருந்த சுமார் நூறு பேர் உயிர் தப்பினர். அதே நாளில் நமது கரையோரங்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை நாம் பறிகொடுத்தோம். அன்று நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கடலின் அறிகுறிகள் கற்பிக்கப்பட்டிருந்தன?

மலையகத்தின் நிலைமையும் இதுவேயாகும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன் குடியிருப்புகள் மண்ணில் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியுடன் வந்த மழையும் மண்சரிவுகளும் மலைநாட்டில் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தின. நிலத்திலும் சுவரிலும் புதிதாகத் தோன்றும் வெடிப்புகள், சாயும் மரங்களும் மின்கம்பங்களும், திடீரெனக் கலங்கிப் பாயும் அல்லது வற்றிப் போகும் ஊற்றுகள் ஆகியன மண்சரிவின் முன்னறிகுறிகளாகும். தோட்டப் பாடசாலை மாணவர்களைத் தவணை இறுதியில் தமது மலைச்சரிவிலேயே ஆசிரியருடன் நடக்கச் செய்து, வடிகான்கள் அடைபட்டுள்ளனவா, வெளியேறும் பாதை எது, ஒன்றுகூடும் பாதுகாப்பான இடம் எது என்பவற்றை வரைபடமாக வரையச் செய்தால், அந்த ஒரு தாள் பல உயிர்களைக் காக்கக் கூடும்.

வெளிக்களம் அறிவைத் தருகின்ற அதேவேளை ஆபத்துகளையும் கொண்டுள்ளது. அதனை மறைத்து இவ்விடயத்தைப் பேசுவது பொறுப்பற்ற செயலாகும். முதலாவது ஆபத்து நீராகும். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறார்கள் உட்படப் பலர் உயிரிழந்த துயரம் இன்னும் ஆறவில்லை. தீவில் பிறந்து, களப்புக்கும் குளத்துக்கும் அருகில் வளரும் நமது பிள்ளைகளில் கணிசமானோருக்கு நீந்தத் தெரியாது. எனவே மாணவர்களை எந்த நீர்நிலைக்கு அழைத்துச் சென்றாலும் நீராட அனுமதிக்கலாகாது. படகில் ஏற்றுவதாயின் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும். அது இல்லையேல் கரையில் நின்று பார்த்தலே போதுமானது.

இரண்டாவது ஆபத்து யுத்தம் விட்டுச் சென்றதாகும். மிதிவெடித் தடைச் சாசனத்தில் இலங்கை 2017 இல் இணைந்து கொண்ட போதிலும், வடக்கின் சில பகுதிகளில் அகற்றும் பணிகள் நீண்டு கொண்டே சென்றன. எச்சரிக்கைப் பலகையுள்ள இடங்களுக்கும் பாவனையற்ற பற்றைக் காடுகளுக்கும் மாணவர்களை அழைத்துச் செல்லவே கூடாது. அடையாளம் தெரியாத உலோகப் பொருள் எதனையும் தொடக் கூடாது என்பது புறப்படுவதற்கு முன்னரே கூறப்பட வேண்டும். மழைக்காலத்தில் வயற்சேற்றில் வெறுங்காலுடன் இறங்குவதால் எலிக்காய்ச்சல் தொற்றும் அபாயமும் உண்டு. முன்கூட்டியே இடத்தைச் சென்று பார்வையிடுதல், கல்வி அதிகாரிகளின் முன்னனுமதி, பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம், முதலுதவிப் பெட்டி, புறப்படும்போதும் திரும்பும்போதும் பெயர் அழைத்து எண்ணுதல் ஆகியன எந்தப் பயணத்திலும் தவிர்க்கப்படலாகாதவை.

பெண் பிள்ளைகளை அனுப்புவதற்குப் பெற்றோர் தயங்குவதுண்டு. அத்தயக்கத்தைப் பழைமைவாதம் என்று ஒதுக்கி விடாமல், அதற்குரிய பதிலைப் பாடசாலை வழங்க வேண்டும். பெண் ஆசிரியைகள் உடன் செல்வதும், மலசலகூட வசதியுள்ள இடத்தைத் தெரிவு செய்வதும், பகல் வேளையிலேயே திரும்பி விடுவதும், விரும்பும் தாய்மாரையும் அழைத்துச் செல்வதும் பெரும்பாலான தயக்கங்களைப் போக்கி விடும். மாற்றுத் திறனாளி மாணவர்களும் பங்குபற்றத்தக்க இடங்களையே முதலில் தெரிவு செய்தல் வேண்டும்.

இவ்விடத்தில் தமிழ், முஸ்லிம் பாடசாலைகளுக்கு ஒரு யோசனையை நாம் முன்வைக்கின்றோம். பல ஊர்களில் ஒரே வாவியின் இரு கரைகளிலும், ஒரே குளத்தின் இரு பக்கங்களிலும் நமது இரு சமூகங்களும் வாழ்கின்றன. எனினும் நமது பிள்ளைகள் பதின்மூன்று ஆண்டுகளும் ஒருவரையொருவர் அறியாமலேயே பாடசாலைக் கல்வியை முடித்துக் கொள்கின்றனர். மேடையில் நடைபெறும் நல்லிணக்க விழாக்களை விட, மட்டக்களப்பு வாவிக் கரையில் ஒரு தமிழ்ப் பிள்ளையும் ஒரு முஸ்லிம் பிள்ளையும் சேர்ந்து கண்டல் கன்று ஒன்றை நட்டு அளந்து வருவது பயனுடையது. மத்திய மலைநாட்டில் உற்பத்தியாகி 335 கிலோமீற்றர் தூரம் ஓடும் மகாவலி கங்கை மூதூரை அண்டிய கொட்டியாரக் குடாவில் கடலுடன் கலக்கின்றது. தலவாக்கலையில் படிக்கும் மாணவியும் மூதூரில் படிக்கும் மாணவியும் தத்தம் இடத்து நீரின் நிறத்தையும் கலங்கலையும் குறித்துக் கடிதத்தில் பரிமாறிக் கொண்டால், அதற்குப் பஸ் கட்டணமும் தேவையில்லை.

இதற்கு இரு நாட்காட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ், சிங்களப் பாடசாலைகளின் முதலாம் தவணை விடுமுறை சித்திரைப் புத்தாண்டை ஒட்டியது. முஸ்லிம் பாடசாலைகளுக்கோ ரமழான் நோன்பை ஒட்டி விடுமுறை வழங்கப்படுகின்றது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டை விடப் பத்துப் பதினொரு நாட்கள் குறைந்தது என்பதால், ரமழான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்கின்றது. ஆதலால் இரு பாடசாலைகளினதும் தவணை இறுதி எப்போதும் ஒரே வாரத்தில் அமைவதில்லை. இரு அதிபர்களும் ஆண்டின் தொடக்கத்திலேயே அமர்ந்து பேசினால் பொதுவான நாளொன்றைக் கண்டுகொள்வது கடினமன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தையும், ஏனைய நாட்களில் லுஹர் தொழுகைக்கான இடத்தையும், ஹலால் உணவையும், சைவ உணவு உண்போரின் தேவையையும் முன்னரே ஒழுங்கு செய்தால் எவரது மனமும் புண்பட இடமிராது.

ஆசிரியர்களின் சுமையைப் பற்றியும் பேசியாக வேண்டும். விடைத்தாள் திருத்தும் நாட்களில் அவர்களிடம் மேலும் ஒரு பணியைச் சுமத்துவது நியாயமா என்ற கேள்வி நேர்மையானதே. ஆசிரியர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் திருத்தும் நாளில் மறு பிரிவினர் வெளியே செல்வதாக ஒழுங்கு செய்யலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பழைய மாணவர்கள், விவசாயிகள், கடற்றொழிலாளர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஆகியோரை உதவிக்கு அழைக்கலாம். காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி நாற்பது ஆண்டுகள் கடலுக்குச் சென்ற ஒருவர் கூறுவதைப் பாடநூல் கூறிவிட முடியாது. செலவை ஆசிரியரின் பையிலிருந்து எதிர்பார்க்காது, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஆண்டுத் திட்டத்திலேயே அதற்கு இடமளிக்க வேண்டும். எந்தப் பிள்ளையிடமும் கட்டணம் கேட்காத செயற்பாடே முதலிடம் பெற வேண்டும்.

மேலும் இதனை இன்னுமொரு போட்டியாக மாற்றி விடாதிருக்கவும் வேண்டும். புள்ளியிடுதல், கோவை தயாரித்தல், பரிசளிப்பு என்று தொடங்கினால் பெற்றோரே ஒப்படைகளைச் செய்து கொடுக்கும் வழமையான நிலைமையே உருவாகும். பிள்ளை கண்டதைத் தன் சொந்த மொழியில் ஒரு பக்கத்தில் எழுதினாலோ ஒரு படமாக வரைந்தாலோ போதுமானது. ஆசிரியர் அதனை வாசித்து இரு வரிகள் எழுதிக் கொடுத்தால் அதுவே பெரும் ஊக்குவிப்பாகும்.

பிரத்தியேக வகுப்புகளில் பிள்ளைகளின் மாலைகளும் வார இறுதிகளும் விடுமுறைகளும் கரைந்து போகும் காலம் இது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்திணைகளையும் மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் பிள்ளைக்குத் தன் ஊரில் வளரும் பத்து மரங்களின் பெயர் தெரியவில்லையாயின், அக்குறை பிள்ளையினுடையதன்று. அதைக் காட்டிக் கொடுக்க நேரம் ஒதுக்காத பெரியவர்களாகிய நம்முடையதே.

அடுத்த தவணைப் பரீட்சைக்கான நேரசூசி தயாரிக்கப்படும்போதே, அதற்குப் பின்னர் வரும் நாட்களுக்கான நேரசூசியையும் அதிபர்கள் தயாரிக்க வேண்டும் என வேண்டிக் கொள்கின்றோம். முதல் முறை ஒரேயொரு வகுப்பு, ஒரேயொரு காலைப்பொழுது, பாடசாலையிலிருந்து நடந்து செல்லும் தூரம் என்ற அளவில் ஆரம்பித்தாலே போதுமானது. வலயக் கல்விப் பணிமனைகள் இதற்கான அனுமதியைத் தாமதமின்றி வழங்க முன்வர வேண்டும். பெற்றோரும் அந்நாட்களில் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தாது பாடசாலைக்கு அனுப்பி ஒத்துழைக்க வேண்டும். வெறும் வாங்குகளில் கழிந்து விடுகின்ற இந்நாட்களை நமது பிள்ளைகள் என்றும் நினைவில் வைத்திருக்கும் நாட்களாக மாற்றுவது அதிபர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் ஆகியோரின் கைகளிலேயே தங்கியுள்ளது.